பித்தநீரும் நெய்யும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். "பித்தநீர் கொழுப்பைச் செரிக்கிறது" என்று பிள்ளைகள் எழுதுகிறார்கள். அதில் செரிமான நொதியே இல்லை என்றால், "அப்போ அது என்னதான் செய்யுது மிஸ்?" என்கிறார்கள். "பால்மமாக்குகிறது" என்று சொன்னால் அதை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?
— ஆசிரியை, வீரவநல்லூர்

பதில்: சொதியிலிருந்து தொடங்குங்கள். முதல் தேங்காய்ப்பாலை ஊற்றிய பிறகு சொதியைத் தளதளவென்று கொதிக்கவிடக் கூடாது என்பது நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே தெரியும். விட்டால் திரிந்து எண்ணெய் மேலே மிதக்கும். ஏன் என்று வகுப்பில் கேளுங்கள். தேங்காய்ப்பாலில் எண்ணெய் நுண்ணிய துளிகளாக நீரில் பரவி நிற்கிறது. ஒவ்வொரு துளியையும் ஒரு புரதப் படலம் மூடியிருப்பதால் அவை ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. கொதிக்கும்போது புரதம் கெட்டுத் துளிகள் ஒன்றுசேர்ந்துவிடுகின்றன. திரியாமல் நிற்கும் அந்த நிலைதான் பால்மம். இது பிடிபட்டால், "ஒரு துண்டு அல்வாவில் இருக்கும் நெய் வயிற்றுக்குள் போனபின் அதைத் துளித்துளியாக நிறுத்திவைப்பது யார்?" என்ற அடுத்த கேள்வியைப் பிள்ளைகளே கேட்பார்கள்.

அதற்குப் பதில் சொல்லுமுன், கொழுப்பைச் செரிக்கும் லிபேஸ் நொதியைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். லிபேஸ் நீரில் இருக்கும் புரதம். எண்ணெய்த் துளிக்குள் அது நுழையாது, துளியின் மேற்பரப்பில் உட்கார்ந்துதான் வேலை செய்யும். ஆகவே துளி எவ்வளவு பெரியது என்பதைவிட, மேற்பரப்பு எவ்வளவு இருக்கிறது என்பதே கணக்கு. இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போடவையுங்கள். 15 மி.லி. நெய், அதாவது ஒரு மேசைக்கரண்டி, ஒரே உருண்டையாக இருந்தால் அதன் மேற்பரப்பு சுமார் 29 சதுர செ.மீ. அதே நெய் 1 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) விட்டமுள்ள துளிகளாகப் பிரிந்தால், மொத்தப் பரப்பு ஆறு பெருக்கல் கன அளவு வகுத்தல் விட்டம். மைக்ரானைச் செ.மீ.க்கு மாற்றிப் போட்டால் 9,00,000 சதுர செ.மீ., அதாவது 90 சதுர மீட்டர் வருகிறது. நம் ஊர்க் கணக்கில் இரண்டேகால் சென்ட் மனை. உள்ளங்கைக்குள் அடங்கும் நெய் ஒரு வீட்டு மனை அளவுக்கு விரிகிறது என்றால் லிபேஸுக்கு எவ்வளவு இடம் கிடைக்கிறது என்று பிள்ளைகளுக்கே புரியும்.

இனி பித்தநீருக்கு வரலாம். கல்லீரல் ஒரு நாளைக்கு 600 முதல் 1000 மி.லி. வரை இதைச் சுரக்கிறது. பித்தப்பை இதைச் சேமித்து, நீரை உறிஞ்சிப் பல மடங்கு செறிவாக்கி வைக்கிறது. அதன் கொள்ளளவு 30 முதல் 50 மி.லி.தான். கல்லீரல் சுரக்கும் பித்தநீரில் பெரும்பங்கு நீர். மீதியில் பித்த உப்புகள், லெசித்தின் என்ற கொழுப்புப்பொருள், கொலஸ்டிரால், பைகார்பனேட், நிறமிகள். வேலைக்காரர்கள் பித்த உப்பும் லெசித்தினும். பச்சை, மஞ்சள் நிறத்தைத் தரும் பிலிவர்டின், பிலிரூபின் இரண்டும் பழைய சிவப்பணுக்கள் சிதைந்து வரும் கழிவு; கொழுப்புச் செரிமானத்தில் அவற்றுக்கு எந்தப் பங்கும் இல்லை. நிறம்தான் வேலை செய்கிறது என்று நினைக்கும் பிள்ளைகள் நிறைய உண்டு, இதை வாய்விட்டே சொல்லிவிடுங்கள்.

பித்த உப்பு மூலக்கூறுக்கு இரண்டு முகங்கள்: ஒன்று நீரை விரும்பும், மற்றது கொழுப்பை விரும்பும். எண்ணெயும் நீரும் சந்திக்கும் இடத்தில் அது படிந்து பரப்பு இழுவிசையைக் குறைக்கிறது. துளியை உடைக்கும் விசை இரைப்பை, குடல் இவற்றின் அசைவிலிருந்து வருகிறது. பித்த உப்பு அந்த உடைப்பை எளிதாக்குகிறது, உடைந்த துளிகள் மறுபடி சேராமல் தடுக்கிறது. "பித்தநீர் கொழுப்பை உடைக்கிறது" என்ற வாக்கியத்தில் பாதி உண்மைதான் இருக்கிறது. மறுபாதியைச் சொல்லாமல் விட்டால் பிள்ளைகள் அதை ஓர் அமிலம்போலக் கற்பனை செய்துகொள்வார்கள்.

பெரும்பாலான வகுப்புகள் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன. எங்கள் கருத்தில் பித்தநீரின் பெரிய வேலை இதற்குப் பிறகுதான் வருகிறது. கணைய லிபேஸ் ஒரு டிரைகிளிசரைடை, அதாவது ஒரு கொழுப்பு மூலக்கூறைப் பிரித்தால் இரண்டு கொழுப்பு அமிலங்களும் ஒரு மோனோகிளிசரைடும் கிடைக்கும். இவையும் நீரில் சரியாகக் கரையாதவை. குடலுறிஞ்சிகளின் மேல் அசையாமல் நிற்கும் மெல்லிய நீர்ப்படலத்தைத் தாண்டி இவை செல்வது கடினம். பித்த உப்புகள் இவற்றைச் சூழ்ந்து, சில நானோமீட்டரே விட்டமுள்ள மைசெல்கள் என்ற நுண்பொதிகளாக்கி, செல்லின் வாசல்வரை கொண்டுபோய் விடுகின்றன. வைட்டமின் ஏ, டி, ஈ, கே நான்கும் இந்த வழியில்தான் உள்ளே போகின்றன. கொழுப்பு அமிலங்களும் மோனோகிளிசரைடும் செல்லுக்குள் மறுபடி டிரைகிளிசரைடாகச் சேர்ந்து, புரத உறை போர்த்திய கைலோமைக்ரான் துளிகளாக நிணநீருக்குள் இறங்கி, இடது தோள்பட்டையருகே இரத்தத்தில் கலக்கின்றன.

சுமையை இறக்கிய பித்த உப்பு சிறுகுடலின் கடைசிப் பகுதிவரை போய், அங்கே ஏறத்தாழ 95 விழுக்காடு திரும்ப உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே வருகிறது. உடலில் உள்ள மொத்த இருப்பு சுமார் 3 கிராம். அதுவே ஒரு நாளில் ஆறு முதல் பத்து முறை சுற்றி வருகிறது. மலத்தோடு போகும் சிறு அளவை மட்டும் கல்லீரல் கொலஸ்டிராலிலிருந்து புதிதாகச் செய்து ஈடுகட்டுகிறது.

படம் வரையும்போது இரண்டு பிழைகளைக் கவனியுங்கள். பித்தப்பையிலிருந்து இரைப்பைக்குக் குழாய் போடுவார்கள். பித்த நாளம் கணைய நாளத்தோடு சேர்ந்து, இரைப்பை முடிந்து ஏறக்குறைய 8 முதல் 10 செ.மீ. தள்ளி, முன்சிறுகுடலில்தான் திறக்கிறது. பித்தநீர் பித்தப்பையில் உற்பத்தியாகிறது என்று எழுதுவார்கள். அங்கே சேமிப்பு மட்டுமே நடக்கிறது.

கேள்வி: பாத்திரம் கழுவும் சோப்பை வைத்துப் பால்மச் சோதனை செய்தோம். பாட்டில் முழுக்க நுரைதான் வந்தது. எண்ணெய் தெளிவாகத் தெரியட்டும் என்று மஞ்சள்தூள் கலந்தோம், அது சிவந்துவிட்டது. "பித்தநீர் பட்டால் கொழுப்பு சிவப்பாகும்" என்று பிள்ளைகள் பதிவேட்டில் எழுதிவிட்டார்கள்!
— ஆசிரியர், களக்காடு

பதில்: சோப்பின் காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து குங்குமமாவது இதே வழியில்தான். எண்ணெயில் எதையும் கலக்காமல், தண்ணீரில் இரண்டு சொட்டு நீல மை விடுங்கள். நீரடுக்கு நீலமாகவும் எண்ணெய் தன் நிறத்திலும் நிற்கும், குழப்பம் வராது.

நுரைக்கு இரண்டு காரணங்கள் உண்டு: சோப்பு அதிகம், குலுக்கல் வேகம். 100 மி.லி. பாட்டில்கள் மூன்று எடுங்கள். ஒவ்வொன்றிலும் 40 மி.லி. தண்ணீர், 5 மி.லி. நல்லெண்ணெய். முதல் பாட்டிலில் சோப்பு வேண்டாம். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் திரவ சோப்பு இரண்டே சொட்டு. பார் சோப்பைக் கரைத்து ஊற்ற வேண்டாம். முதலிரண்டையும் மூடி, தலைகீழாகவும் நேராகவும் நிதானமாக 20 முறை திருப்புங்கள். மூன்றாவதைத் தொடவே தொடாதீர்கள். உடனேயும், 1, 5, 15 நிமிடங்களிலும் மூன்றையும் பார்த்து எழுதச் சொல்லுங்கள்.

திருப்பி முடித்த அந்த நொடியில் முதல் பாட்டிலும் கலங்கலாகத்தான் இருக்கும். "சார், சோப்பு இல்லாமலே கலந்திருச்சு" என்று யாராவது சொல்வார்கள். அவசரப்பட்டு மறுக்காதீர்கள், அது சரியான கவனிப்பு. சில நிமிடங்களில் அதில் எண்ணெய் பிரிந்து மேலே வரும், இரண்டாவதில் கலங்கல் நீடிக்கும். மூன்றாவதில் சோப்பு இருந்தும் குலுக்கல் இல்லாததால் எண்ணெய் அப்படியே மிதக்கும். உடைப்பதற்கு அசைவு வேண்டும், சேராமல் நிறுத்த வேறொன்று வேண்டும் என்பது மூன்று பாட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தானே தெரியும். பெரும்பாலானோர் மூன்றாவது பாட்டிலை வைப்பதில்லை. எங்களைக் கேட்டால் அதுதான் முக்கியமான பாட்டில்.

கேள்வி: சோப்புக்குப் பதிலாக உண்மையான பித்தநீரையே காட்ட முடியுமா? கறிக்கடையில் ஆட்டின் பித்தப்பையைத் தூரத்தானே போடுகிறார்கள்?
— உயிரியல் ஆசிரியர், மேலப்பாளையம்

பதில்: முடியும். கறிக்கடையில் முந்தின நாளே சொல்லிவையுங்கள். கறி கசந்துவிடும் என்பதால் பித்தப்பையை உடையாமல் எடுப்பது அவர்களுக்குக் கைவந்த வேலை. காலையில் வாங்கி, ஐஸ் போட்ட டப்பாவில் வைத்து, அன்றைக்கே பயன்படுத்துங்கள். கையுறை அவசியம். சிறு கண்ணாடிக் குவளையின் மேல் பிடித்து ஊசியால் குத்தினால் கரும்பச்சைத் திரவம் வடியும். அதில் 1 மி.லி.க்கு 4 மி.லி. தண்ணீர் சேர்த்து நீர்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் கந்தகச் சோதனை. ஒரு குழாயில் 5 மி.லி. வெறும் தண்ணீர், இன்னொன்றில் 5 மி.லி. நீர்த்த பித்தநீர். இரண்டின் மேலும் ஒரு சிட்டிகை கந்தகப் பொடியை மெதுவாகத் தூவுங்கள், குலுக்காதீர்கள். தண்ணீரில் பொடி மிதக்கும். பித்தநீரில் உள்ளே இறங்கும். மருத்துவக் கல்லூரி ஆய்வகங்களில் சிறுநீரில் பித்த உப்பைக் கண்டுபிடிக்கச் செய்யும் ஹே சோதனை இதுவே. பரப்பு இழுவிசை குறைகிறது என்று வாயால் சொல்வதைவிட இது நூறு மடங்கு மேல். குழாயில் பழைய சோப்பு ஒட்டியிருந்தால் வெறும் தண்ணீரிலும் கந்தகம் மூழ்கிவிடும், ஆகவே குழாய்களைப் பலமுறை நல்ல தண்ணீரில் அலசிவிட்டுத் தொடங்குங்கள்.

பிறகு எண்ணெய். ஒரு குழாயில் 10 மி.லி. தண்ணீர், மற்றதில் 10 மி.லி. நீர்த்த பித்தநீர், இரண்டிலும் 1 மி.லி. எண்ணெய். 37 முதல் 40 டிகிரி வெந்நீரில் ஐந்து நிமிடம் வைத்து எடுத்து, ஒரு நிமிடம் குலுக்குங்கள். சோப்பு தந்த அளவுக்குக் கெட்டியான வெள்ளைக் கலங்கல் வராது. ஏமாற வேண்டாம். குடலில் லெசித்தினும், லிபேஸ் பிரித்துவிட்ட கொழுப்பு அமிலங்களும், இடைவிடாத அசைவும் கூட்டுச் சேருகின்றன. குழாயில் அதெல்லாம் முழுமையாக இல்லை.

முடிந்ததும் திரவங்களையும் குழாய்களையும் பிளீச்சிங் பவுடர் கரைசலில் அரை மணி நேரம் ஊறவைத்துக் கொட்டுங்கள். எல்லோரும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். அசைவத்தைத் தொட விரும்பாத பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தாதீர்கள். ஆய்வகப் பொருள் கடைகளில் தூளாக விற்கும் பித்த உப்பும் பெரும்பாலும் மாட்டுப் பித்தநீரிலிருந்தே எடுக்கப்படுகிறது. "இது சைவம்" என்று சொல்லிக் கொடுத்துவிட வேண்டாம். அவர்களுக்குச் சோப்பு பாட்டில் போதும்.

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கிறேன். பால், லிபேஸ், பினாப்தலீன் (காரத்தில் சிவக்கும் நிறங்காட்டி) வைத்து அறிவியல் கண்காட்சிக்குச் செய்கிறேன். பித்த உப்பு போட்ட குழாய்க்கும் போடாத குழாய்க்கும் வித்தியாசமே தெரியவில்லை. எங்கே தப்பு?
— மாணவி, பாளையங்கோட்டை

பதில்: கையில் தப்பில்லை, பாலில்தான் விஷயம். பால் ஏற்கெனவே ஒரு பால்மம். பாக்கெட் பாலை ஒருமைப்படுத்தியிருந்தால் கொழுப்புத் துளிகள் இன்னும் சிறிதாகிவிட்டிருக்கும். பித்த உப்பு செய்ய வேண்டிய வேலையில் பெரும்பகுதி முன்பே முடிந்துவிட்டது. இந்தச் சோதனை லிபேஸைக் காட்ட நல்லது, பித்தநீரைக் காட்டப் பொருத்தமற்றது.

லிபேஸை மட்டும் காட்டுவதாக மாற்றிக்கொள்ளுங்கள். பால் 5 மி.லி., பினாப்தலீன் 5 சொட்டு, 0.05 மோலார் சோடியம் கார்பனேட் 7 மி.லி. (நீரற்ற தூள் 0.53 கிராமை 100 மி.லி. நீரில் கரைத்தால் கிடைக்கும்). இளஞ்சிவப்பு வந்ததும் 37 டிகிரி வெந்நீரில் வைத்து, 5 விழுக்காடு லிபேஸ் கரைசல் 1 மி.லி. சேர்த்து நேரத்தைக் குறியுங்கள். கொழுப்பு அமிலம் வெளிப்பட வெளிப்படக் காரத்தன்மை குறைந்து நிறம் போகும். ஒப்பீட்டுக்கு, பத்து நிமிடம் கொதிக்கவைத்து ஆறிய அதே லிபேஸை இன்னொரு குழாயில் சேருங்கள், அது சிவப்பாகவே இருக்க வேண்டும்.

லிபேஸுக்குப் பதில் மருந்துக்கடையில் கிடைக்கும் பேன்க்ரியாட்டின் (கணைய நொதிகள்) மாத்திரை போட்டால் மூன்று சிக்கல்கள். மேலே அமிலத்தைத் தாங்கும் பூச்சு இருக்கும், நன்றாகப் பொடிக்காவிட்டால் மெதுவாகத்தான் கரையும். சில மாத்திரைகளில் பித்தச் சாறும் சேர்ந்தே இருக்கும், அட்டையைப் படிக்க வேண்டும். புரதத்தைப் பிரிக்கும் நொதியும் அதில் உண்டு. பால் புரதம் பிரிவதாலும் நிறம் கொஞ்சம் வெளுக்கும். நடுவர் இதைக் கேட்டால் மாட்டிக்கொள்வீர்கள்.

கேள்வி: பார்டர் பரோட்டாவும் சால்னாவும் தின்னுட்டு ஐஸ் தண்ணி குடிச்சா கொழுப்பு வயித்துல கட்டியா உறைஞ்சுரும்னு ஆச்சி சொல்லுதாங்க. சுடுதண்ணி குடிச்சா கரைஞ்சு போயிருமாம். நெசமா?
— பத்தாம் வகுப்பு மாணவன், செங்கோட்டை

பதில்: இரண்டும் இல்லை. வயிற்றின் வெப்பம் 37 டிகிரி, குடித்த குளிர்ந்த நீரும் கொஞ்ச நேரத்தில் அந்த வெப்பத்துக்கு வந்துவிடும். தேங்காய் எண்ணெய் 25 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும், நெய்யும் உடல் வெப்பத்தில் இளகும். சுடுதண்ணீர் கொழுப்பைக் கரைக்காது. கொழுப்பு தண்ணீரில் கரையாது என்பதுதானே இந்தப் பாடமே!

பரோட்டா கனமாக உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் வேறு. கொழுப்பு முன்சிறுகுடலைத் தொட்டதும் அதன் சுவரிலிருந்து கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் வெளியாகிறது. 1928இல் ஐவி, ஓல்ட்பெர்க் இருவரும் கண்டறிந்தது இது. பித்தப்பையைச் சுருங்கவைத்து, நாளத்தின் வாயில் இருக்கும் சுருக்குத்தசையைத் தளர்த்தி, கணைய நொதிகளை வரவழைக்கிறது. அதோடு இரைப்பையிடம் "மெதுவாக அனுப்பு" என்றும் சொல்கிறது. வரும் கொழுப்பைக் குடல் சமாளிக்க நேரம் வேண்டும் அல்லவா? அதனால்தான் எண்ணெய்ச் சாப்பாடு இரைப்பையில் நான்கு மணி நேரத்துக்கு மேலும் தங்கும். ஆச்சி சொன்னதில் ஒன்று சரி: ராத்திரி பத்து மணிக்கு நாலு பரோட்டா தின்றுவிட்டு உடனே படுக்காதே.

கேள்வி: அத்தைக்குப் பித்தப்பையை ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். இனி நெய், எண்ணெய் எப்படிச் செரிக்கும்?
— ஒன்பதாம் வகுப்பு மாணவி, அம்பாசமுத்திரம்

பதில்: செரிக்கும். பித்தநீரைச் செய்யும் கல்லீரல் அப்படியேதான் இருக்கிறது. சேமித்துவைத்து ஒரே மூச்சில் ஊற்றும் வசதி மட்டும் போய், கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துகொண்டிருக்கும். முதல் சில வாரங்கள் சிறு சிறு வேளைகளாகவும் எண்ணெய் குறைவாகவும் சாப்பிட்டால் சிரமம் குறையும். சிலருக்குப் பித்த உப்பு அதிகமாகப் பெருங்குடலுக்குப் போய் வயிற்றுப்போக்கு வரலாம். நீடித்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும், அதற்கு மருந்து உண்டு. பித்தப்பை இல்லாமலே பிறக்கும் விலங்குகளும் உண்டு: யானை, குதிரை, புறா.

கேள்வி: மஞ்சள் காமாலையில் மலம் வெளுத்துப் போவதும் பித்தநீரால்தானா?
— வாசகர், சேரன்மகாதேவி

பதில்: மலத்தின் பழுப்பு நிறமே பிலிரூபினிலிருந்து வருகிறது. கல்லோ கட்டியோ நாளத்தை அடைத்தால் பித்தநீர் குடலுக்கு வராது. மலம் களிமண் நிறமாகும். சிறுநீர் கடுந்தேநீர் நிறமாகும், உடல் அரிக்கும். கொழுப்பு செரிக்காமல் எண்ணெய்ப் பசையோடு நாற்றமடிக்கும் மலமாகப் போகும். வைட்டமின் கே உள்ளே போகாததால் காயம்பட்டால் இரத்தம் உறையத் தாமதமாகும். ஆகவே வெளுத்த மலத்தோடு வரும் காமாலைக்கு வீட்டு மருந்து பார்த்து நாள் கடத்தாமல் ஸ்கேன் எடுங்கள். பிறந்து இரண்டு வாரமான குழந்தைக்கு இப்படி இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேள்வி: ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் எப்சம் உப்பும் குடித்தால் பித்தப்பைக் கல் பச்சைப் பச்சையாக வெளியே வந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. படமும் இருக்கிறது. மகளுக்குக் கல் இருக்கிறது, கொடுக்கலாமா?
— தாய், வள்ளியூர்

பதில்: கொடுக்காதீர்கள். படத்தில் இருப்பவை கற்கள் அல்ல. குடித்த எண்ணெயைக் குடல் லிபேஸ் பிரித்து, வெளிவந்த கொழுப்பு அமிலங்கள் உப்புகளோடு சேர்ந்து உருவான சவர்க்காரக் கட்டிகள். பித்த நிறமி பட்டுப் பச்சையாகத் தெரிகின்றன. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ஒரே நேரத்தில் அவ்வளவு எண்ணெய் உள்ளே போனால் பித்தப்பை வலுவாகச் சுருங்கும். அப்போது உண்மையான கல் நகர்ந்து நாளத்தில் சிக்கினால் காமாலை, கணைய அழற்சி வரை போகும். மகள் எடை குறைக்கப் பட்டினி கிடக்கிறாரா என்றும் கேளுங்கள். எடை வேகமாகக் குறைந்தாலும், வேளைக்குச் சாப்பிடாமல் பித்தப்பை சுருங்காமலே இருந்தாலும் கல் உண்டாகும் வாய்ப்பு கூடும்.

கேள்வி: குளத்து மீனின் பித்தப்பையைப் பச்சையாக விழுங்கினால் கண்ணுக்கும் சர்க்கரைக்கும் நல்லது என்கிறார்களே?
— வாசகர், நாங்குநேரி

பதில்: கூடவே கூடாது. ரோகு, கட்லா, கெண்டை வகை மீன்களின் பித்தநீரில் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் தாக்கும் நஞ்சு இருக்கிறது. விழுங்கிய சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு, ஓரிரு நாளில் சிறுநீர் குறைதல் என்று போய் டயாலிசிஸ் தேவைப்பட்டவர்கள் உண்டு. வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. யாராவது விழுங்கிவிட்டால், நன்றாக இருப்பதாகச் சொன்னாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துப்போய், எந்த மீன், எத்தனை பித்தப்பை, எப்போது என்பதைச் சொல்லுங்கள்.